செண்டுமல்லிக்கு ஒரு நாள் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் போனால் செண்டுமல்லிச் செடி தேடி வருகிறவர்களைப் பார்க்கலாம். கறுப்புப் பையில் மொட்டு விட்டு நிற்கும் செடியை வாங்கிப்போய் வாசலில் வைப்பார்கள். பண்டிகை முடியும். அடுத்த மாதமே இலை பழுத்து, தண்டு காய்ந்து, செடி செத்துப்போகும். "என் கையில எதுவும் தங்காது தம்பி" என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு மனது கேட்கவில்லை. அவர் கையில் ஒரு குறையும் கிடையாது. அந்தச் செடிக்கு ஆயுசே அவ்வளவுதான். அதை முன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் செடியை வாங்கியிருக்க மாட்டார், விதையை வாங்கியிருப்பார்.

செண்டுமல்லி ஒரு பருவச் செடி. விதை முளைக்கும், வளரும், பூக்கும், விதை கட்டும், சாகும். இந்தச் சுற்று ஒரே ஒருமுறைதான் நடக்கும். நெல்லும் வெண்டையும் நிலக்கடலையும் இதே இனம்தான். வாசலில் இருக்கும் செம்பருத்தியும் மல்லிகையும் அப்படி இல்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கும், பல வருடம் நிற்கும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நடுவது என்றாலே இந்த இரண்டாவது வகைதான் மனதில் வரும். ரப்பர் கன்றை நட்டால் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் பால்வெட்டு. செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, ஊன்றினால் இருபத்தைந்து வருடம் குலை வெட்டலாம். அந்தக் கண்ணோடு செண்டுமல்லியைப் பார்த்தால் மூன்று நான்கு மாதத்தில் அது சாவது நம் தோல்வி போலத் தெரியும். குலை தள்ளிய வாழை மரத்தை வெட்டும்போது நாம் யாரும் வருத்தப்படுவதில்லையே. அதே நினைப்பு இங்கேயும் வேண்டும்.

ஆங்கிலப் புத்தகங்கள் இதை 'ஓராண்டுச் செடி' என்கின்றன. நமக்கு அந்தப் பெயர் கொஞ்சம் குழப்பம் தரும். குளிர் நாடுகளில் உறைபனி விலகியதும் விதைப்பார்கள், அடுத்த உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். அங்கே ஆண்டு என்பது செடியின் வாசலும் வேலியுமாக இருக்கிறது. நம் ஊரில் உறைபனி ஏது? ஜனவரியில் விதைத்தாலும் முளைக்கும், ஜூலையில் விதைத்தாலும் முளைக்கும். விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் 'மார்ச்சில் வீட்டுக்குள் விதை, மே மாதம் வெளியே நடு' என்று போட்டிருந்தால் அது நமக்கு எழுதியது இல்லை. இங்கே காலம் செடிக்குத் தேதி குறிப்பதில்லை. நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

குறிப்பது எப்படி? பின்னாலிருந்து எண்ண வேண்டும். செண்டுமல்லியில் நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று குட்டை ரகம். ஒரு சாணுக்குச் சற்று மேல் வளரும், சின்னப் பூ, மஞ்சளும் பழுப்புச் சிவப்பும் கலந்திருக்கும். விதைத்து ஐம்பது அறுபது நாளில் பூக்கும். மற்றது நெட்டை ரகம். இடுப்பளவு வளரும், மாலை கட்டும் அந்தப் பெரிய பந்துப் பூ இதுதான். இதற்கு எழுபது எண்பது நாள் வேண்டும். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. பத்தொன்பது நாள் தள்ளிப் போகிறது. ஆகவே 'ஆகஸ்ட்டில் விதைக்க வேண்டும்' என்று மாதத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. நவம்பர் 8-லிருந்து எண்பத்தைந்து நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 15. அது நெட்டை ரகத்துக்கு. அறுபத்தைந்து நாள் பின்னால் போனால் செப்டம்பர் 4. அது குட்டை ரகத்துக்கு. ஐந்து நாளைக் கையிருப்பாகத்தான் சேர்த்திருக்கிறேன். நாற்று ஒன்று நத்தைக்குப் போனால் மறுபடி விதைக்க நேரம் வேண்டும்.

இன்னொரு சாதகமும் நமக்கு உண்டு. நெட்டை ரகம் பகல் குறைவாக இருந்தால் சீக்கிரம் மொட்டு வைக்கும் குணம் உள்ளது. ஐரோப்பாவில் கோடையில் பதினாறு மணி நேரம் வெயில் இருக்கும்போது அது இலையாக வளர்ந்துகொண்டே போய், பூப்பதைத் தள்ளிப் போடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல் வித்தியாசம்தான். எப்போதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிய பகல். அதனால் நம் நாள் கணக்கு வருடம் முழுவதும் பெரிதாக மாறாது.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. நம்மில் சிலர் சாமந்தி என்பார்கள், சிலர் செண்டுப்பூ என்பார்கள், தமிழ்நாட்டில் துலுக்கச் சாமந்தி என்ற பெயரும் உண்டு. மலாய்க்காரர்கள் இலையின் வாடையை வைத்து 'பூஙா தாஹி ஆயாம்' என்கிறார்கள், கோழி எச்சப் பூ என்று பொருள். நெட்டை ரகத்தை ஆப்பிரிக்க மேரிகோல்டு, குட்டையைப் பிரெஞ்சு மேரிகோல்டு என்று விதைக் கம்பெனிகள் எழுதும். இரண்டுக்கும் தாய்நிலம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும்தான். அங்கே இறந்தோர் நினைவு நாளில் வீட்டு வாசலிலிருந்து படையல் வரை இந்தப் பூவை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள். நம் படையலிலும் அது இருக்கிறது. கடல் கடந்து வந்த பூ இவ்வளவு ஒட்டிப்போனது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

இப்போது வெயிலுக்கு வருவோம். இந்தச் செடி கேட்பது நேரடி வெயில், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது. 'எங்க வீட்டுல நல்ல வெளிச்சம் வருது' என்பது வேறு, வெயில் விழுவது வேறு. வெளிச்சம் மட்டும் கிடைத்தால் செடி கழுத்தை நீட்டிக்கொண்டு வளரும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், தண்டு சாயும், ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடும். உரம் போட்டு இதைச் சரி செய்ய முடியாது.

வாசலில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பாருங்கள். ஒரு குச்சியை நட்டு ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தால் போதும். இங்கே ஒரு விஷயம். நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று ஏற்கெனவே முந்தி ஓடிய தீபகற்ப மலேசியாவின் நேரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதனால் சுங்கை சிப்புட்டில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகால் மணியளவில். 'மத்தியானம் வரை வெயில்' என்று பன்னிரண்டோடு கணக்கை முடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடுவீர்கள்.

அதைவிட முக்கியமானது, சூரியன் இடம் மாறுவது. நம் ஊரில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இரண்டாவது வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. பத்தடி உயரச் சுவர் இருந்தால் ஜூன் மாத உச்சியில் அதன் நிழல் தெற்குப் பக்கம் மூன்றடிக்கு மேல் விழும். நவம்பரில் அதே சுவரின் நிழல் வடக்குப் பக்கம் நாலடி, டிசம்பர் கடைசியில் ஐந்தடிக்கு மேல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆகஸ்ட்டில் விதைக்கிறீர்கள், அப்போது வீட்டின் வடக்குப் பக்கச் சுவர் ஓரம் நல்ல வெயில். சந்தோஷமாக அங்கே பாத்தி கட்டுவீர்கள். மொட்டு விடும் அக்டோபரில் அந்த இடம் நிழலுக்குள் போயிருக்கும். நானும் ஒரு வருடம் இப்படிப் பாத்தி கட்டிவிட்டு, நன்றாக வளர்ந்த செடி ஏன் சோர்ந்தது என்று தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தேன். தீபாவளிப் பூவுக்குச் சுவரின் தெற்குப் பக்கம் நல்லது. வடக்குப் பக்கம்தான் இடம் என்றால் சுவரை விட்டு ஐந்தடி தள்ளுங்கள்.

கிழக்கு வெயிலா மேற்கு வெயிலா என்று கேட்டால் நான் கிழக்கைத்தான் சொல்வேன். பேராக்கில் மழை உச்சத்துக்கு வரும் அக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் மேகம் கட்டி இடியோடு பெய்வதுதான் வழக்கம். மேற்கு வெயிலை நம்பினால் பாதி நாள் ஏமாற்றம்தான். காலை வெயில் இலையில் தங்கிய ஈரத்தையும் சீக்கிரம் உலர்த்திவிடும்.

அடுத்தது மண். என்னைப் பொறுத்தவரை நம் ஊரில் செண்டுமல்லி தோற்பதற்கு வெயிலுக்கு அடுத்த காரணம் இதுதான், இதை யாரும் கவனிப்பதில்லை. சில வருடம் முன்பு என் நெட்டைச் செடிகளின் கீழ் இலைகளில் துரு படிந்தது போலப் பொட்டுப் பொட்டாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசி முனை அளவுப் புள்ளிகள், இலை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரவி, கடைசியில் இலை சுருண்டு காய்ந்தது. பூச்சி என்று நினைத்து மருந்து அடித்தேன். பூஞ்சை என்று நினைத்து இன்னொரு மருந்து அடித்தேன். இலையின் அடியில் ஒரு பூச்சியும் இல்லை, புள்ளி மட்டும் கூடிக்கொண்டே போனது.

காரணம் மண்ணின் புளிப்பு. வருடம் முழுவதும் பெய்யும் மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். பழைய தோட்ட நிலம் என்றால் பல வருடம் போட்ட அம்மோனியம் உரமும் சேர்ந்து மண்ணை இன்னும் புளிக்க வைத்திருக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் செண்டுமல்லிக்குப் பிடித்தது 6-க்கும் 7-க்கும் இடையில், எண் குறைந்தால் புளிப்பு கூடுதல். அதைவிடக் கீழே போகப் போக மண்ணில் உள்ள இரும்பும் மாங்கனீசும் அதிகமாகக் கரைந்து வேர் வழியே செடிக்குள் ஏறும். அந்த அளவு மீறினால் வருவதுதான் அந்தத் துருப் புள்ளி. செம்பனையும் ரப்பரும் புளிப்பு மண்ணைத் தாங்கும். நெட்டைச் செண்டுமல்லி தாங்காது.

மருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஈப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் நாம் பார்க்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக் கல். உரக்கடையில் சுண்ணாம்புத் தூள் கேட்டால் தருவார்கள், மக்னீசியம் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி, மண்ணைக் கொத்திக் கலந்து, இரண்டு வாரம் விட்டுப் பிறகு நடுங்கள். சாணத்தையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். என் பாட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் எந்த உரமும் வாங்காமல் செண்டு வளர்த்தார். விறகடுப்புச் சாம்பலை ஆறியதும் அந்தப் பாத்தியில்தான் கொட்டுவார். சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும் என்று அவர் சொன்னதில்லை. பூ நல்லா வரும் என்று மட்டும் சொல்வார்.

விதைப்பது சுலபம். விதை கறுப்பு ஊசி மாதிரி இருக்கும், வாலில் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் நார். பழைய முட்டை அட்டையிலோ தட்டிலோ மண் போட்டு, கால் அங்குலம் ஆழத்தில் படுக்க வைத்து மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நாலிலிருந்து ஏழு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் வைத்துக் கொஞ்சினால் நூல் மாதிரி நீண்டுவிடும். மழையடிக்கு மட்டும் மேலே மறைப்பு வேண்டும். நாலைந்து இலை வந்ததும் பாத்தியில் நடலாம். குட்டைக்கு ஒரு சாண் இடைவெளி, நெட்டைக்கு ஒரு முழம். பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். நம் களிமண்ணில் அடைமழைத் தண்ணீர் தேங்கினால் வேர் இரண்டே நாளில் அழுகும்.

நட்ட வாரம்தான் ஆபத்தான வாரம். ஊரின் பெயரிலேயே நத்தை இருக்கிறது (மலாயில் சிப்புட் என்றால் நத்தை), பாத்தியிலும் இருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தைக்குச் செண்டு நாற்று என்றால் உயிர். காலையில் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நத்தையில் மனித மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும், குழந்தைகளை வெறுங்கையால் தொட விடாதீர்கள்.

நெட்டைச் செடி ஒரு சாண் உயரம் வந்து, நாலைந்து ஜோடி இலை விட்டதும் உச்சிக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். முதல்முறை கிள்ளும்போது எல்லோருக்கும் கை நடுங்கும். நடுத்தண்டு நின்று, ஒவ்வொரு இலை இடுக்கிலிருந்தும் கிளை புறப்படும். ஒரு பூவுக்குப் பதில் பத்துப் பூ. ஆனால் முதல் பூ ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போகும். அதையும் நாள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி நெருங்கிவிட்டால் கிள்ளாதீர்கள். குட்டை ரகத்தைக் கிள்ளவே வேண்டாம், அது தானாகக் கிளைக்கும்.

உரம் குறைவாகத்தான். மட்கிய ஆட்டுச் சாணம் நடும்போது இரண்டு கைப்பிடி, பிறகு மொட்டு வரும் சமயம் அந்த நீல நிற 12:12:17 கலப்பு உரம் செடிக்கு அரை டீஸ்பூன், தண்டில் படாமல். தழைச்சத்து கூடிப்போனால் கரும்பச்சை இலையாகத் தளதளவென்று இருக்கும், பூ இருக்காது. தண்ணீர் காலையில், வேரில். பூவின் மேல் ஊற்றினால் பந்துப் பூ தண்ணீரைக் குடித்துக் கனத்து, உள்ளே அழுகும்.

பூக்க ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு வேலை, அதுவும் ஒரு பருவச் செடி என்பதிலிருந்தே வருகிறது. இந்தச் செடி பூப்பது நமக்காக இல்லை, விதைக்காக. பூ வாடி விதை கட்டத் தொடங்கியதும் செடி தன் கடமை முடிந்தது என்று புதிய மொட்டைக் குறைத்துக்கொள்ளும். வாடும் பூவைக் காம்போடு கிள்ளி எடுத்துக்கொண்டே இருந்தால் அது மறுபடி முயலும். சாமிக்குத் தினமும் பறிக்கிற வீட்டில் செடி அதிக நாள் பூப்பது இதனால்தான். பறிக்க மனம் வராமல் அழகுக்கு விட்டு வைக்கிற வீட்டில் சீக்கிரம் முடிந்துவிடும்.

கத்தரி, தக்காளி நடுவில் இரண்டு செண்டுச் செடி வைத்தால் வேர்ப்புழு வராது என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. செண்டுமல்லி வேரில் வேர்முடிச்சுப் புழுவை அடக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. பாத்தி முழுவதும் நெருக்கமாகச் செண்டு நட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வளர்த்து, அதன் பிறகு அதே இடத்தில் கத்தரி நட வேண்டும். தீபாவளிச் செண்டு முடிந்த பாத்தி இதற்கு அப்படியே பொருந்தும்.

அதற்கு முன் விதை எடுத்துவிடுங்கள். தீபாவளி கழிந்ததும் நல்ல நிறத்தில், நல்ல உயரத்தில் இருந்த செடியில் மட்டும் நாலு பூவைப் பறிக்காமல் விடுங்கள். இதழ் காய்ந்து, அடியில் பச்சையாக இருக்கும் குப்பி பழுப்பானதும் மழையில்லாத நாளில் கிள்ளி, குப்பியை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கியது போல விதைகள் நிற்கும். அப்போது ஒன்று தெரியும், நாம் ஒரு பூ என்று சொன்னது ஒரு பூ இல்லை. ஒவ்வொரு இதழும் தனியொரு சின்னப் பூ, ஒவ்வொன்றின் அடியிலும் தனி விதைக்கு இடம். விதை கறுப்பாக, விறைப்பாக இருந்தால் நல்ல விதை. வெளிறி, வளைந்தால் பதர். கடை மாலையிலிருந்து உதிர்த்துப் போடும் பூ பெரும்பாலும் முளைக்காமல் போவதும் இதனால்தான், விதை முற்றும் முன்பே மாலைக்குப் பறித்துவிடுகிறார்கள். கலப்பின விதைப் பாக்கெட்டிலிருந்து வந்த செடி என்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது, உயரமும் நிறமும் கலந்து வரும். எனக்கு அந்தக் கலவையும் பிடிக்கும்.

நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பறித்த தேதியை எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குட்டை ரக விதையை இப்படி ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றார். தை முதல் நாளிலிருந்து அறுபத்தைந்து நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் பத்து வாக்கில் வரும். கொட்டும் மழைக்காலம். தட்டை அவர் வீட்டுக் கார் கொட்டகையின் கிழக்கு விளிம்பில், காலை வெயில் விழுந்து மழை விழாத இடத்தில் வைத்திருக்கிறோம். ஐந்தாம் நாள் முளைத்துவிட்டது.